ஒன்பதாவது சுழல்

பிப்ரவரி 3
வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் இன்றும் ஊர்ந்துதான் போனது. தூணைத் தாண்டிய தண்ணீர் இந்தப் பக்கம் ஒரு சுழல், அந்தப் பக்கம் ஒரு சுழல் என்று விட்டுக்கொண்டே இருந்தது. அதிலேயே மனசு போய்விட்டது. “என்னாம்மா, எறங்கலையா? பஸ் ஸ்டாண்டு வந்து அஞ்சு நிமிசம் ஆவுது” என்றார் கண்டக்டர்.

ஆறு வருஷமாக இதே கிறுக்குதான். என் ஆய்வே அதுதான்: பாலத் தூண் மாதிரி ஓர் உருளையைச் சுற்றி ஓடும் தண்ணீரின் கொந்தளிப்பைச் சொல்ல லட்சக்கணக்கான எண்கள் வேண்டும். நான் அதை ஆறு சமன்பாடுகளாகச் சுருக்கியிருக்கிறேன். உருளையை எப்போது, எவ்வளவு திருப்பினால் சுழல் அடங்கும் என்று அவை சொல்லும். ஆறே ஆறு!

பிப்ரவரி 11
ஆய்விதழிலிருந்து மெயில் வந்தது, கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள்! நானும் என் கைடு திருநாவுக்கரசு சாரும் எழுதியது. இது இருந்தால்தான் என் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். சாருக்கு மே மாதம் ரிட்டயர்மென்ட். “போறப்ப நல்ல பேரோட போறேம்மா” என்றார். கண் கலங்கியிருந்தது.

பிப்ரவரி 12
மாமா அந்த மெயிலை லேமினேட் செய்து மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஜெராக்ஸ் கடைச் சுவரில் ஒட்டிவிட்டார். “பொன்னின்னு ஒம் பேரு இருக்குல்ல, வர்றவங்க பாக்கட்டும்.” கட்டின புருஷனுக்கு இவ்வளவு பெருமையா! வெட்கமாகத்தான் இருந்தது. பிடித்தும் இருந்தது.

பிப்ரவரி 20
கனவில் ஆற்றுக்கு அடியில் நடந்தேன். மூச்சு முட்டவில்லை. சுழல்கள் ஒவ்வொன்றாகத் தோளை உரசிக்கொண்டு போயின. எண்ணினேன். எட்டு. விழிப்பு வந்துவிட்டது.

கட்டுரையிலும் சமன்பாடுகளை எட்டுச் சுழல் வரைதான் ஓட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடியது, நிறுத்திவிட்டேன். அவ்வளவுதான் காரணம்.

பிப்ரவரி 24
இன்று நிறுத்தாமல் ஓடவிட்டேன். எட்டு வரை அச்சு அசல். ஒன்பதாவதில் வரைபடக் கோடு மேலே ஏறி, இன்னும் ஏறி — போச்சு. கட்டுப்பாடாவது ஒன்றாவது. ஐயோ.

பிப்ரவரி 25
மறுபடி ஓட்டினேன். அதேதான்.

பிப்ரவரி 28
புரிந்துவிட்டது. நீரோட்டத்தின் சராசரியை முதலிலேயே கணக்கிட்டு, அது மாறாது என்று ஒதுக்கி வைத்துவிட்டேன். உருளையைத் திருப்பத் திருப்ப அந்தச் சராசரியும் மெல்ல நகர்கிறது. முதல் வரியிலேயே தப்பு. என் தப்பு. சார் என்னை நம்பினார்.

சொல்லித்தான் ஆவணுமா? எட்டுக்கு மேல எவன் எண்ணப் போறான்? சீ, என்ன புத்தி எனக்கு.

மார்ச் 2
மாமாவிடம் சொன்னேன்.

“சரி பண்ணி அனுப்பிடேன்.”

“ஒரு வருசம் ஆவும் மாமா. அதுக்குள்ள சாரு ரிட்டயர் ஆயிடுவாரு.”

சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். “அப்ப கடையில ஒட்டுனத எடுத்துடவா?” என்று மட்டும் கேட்டார். அழுதுவிட்டேன்.

மார்ச் 5
சாரிடம் சொல்லிவிட்டேன். வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

“எட்டோட நிறுத்தச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லல சார். நானாத்தான்.”

“போய்ட்டு வாம்மா” என்றார். முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பும்போது வெள்ளாறு எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை.

மார்ச் 7
லேபுக்குப் போகவில்லை. அரிசி களைந்த தண்ணீர் தொட்டித் துளையில் சுற்றிச் சுற்றி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மார்ச் 10
சார் கூப்பிட்டனுப்பினார். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவரே டைப் செய்து வைத்திருந்தார். கட்டுரையில் என் பெயர் முதலில், அவர் பெயர் கடைசியில். மாணவர் பெயரை முன்னால் போடுவது எங்கள் துறை வழக்கம். கடிதத்தில் அவர் பெயர் முதலில் இருந்தது.

“தப்பு என்னுது சார்.”

“மொதல்ல யாரு பேரு இருக்கோ, அவுங்க தப்புன்னுதான் படிக்கிறவன் நெனைப்பான். எனக்கு இன்னும் ரெண்டு மாசம். நீ நெறைய எழுதணும்.”

பேனாவை நீட்டினார். அவர் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.