நானுலி கேட்ட மேசை

கக்கேத்தி,
ஏப்ரல் 14, 1993, புதன்

அன்பு மகன் மல்ஹாஸுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். ரேசோ நாளை மாவு லாரியோடு சுகுமிப் போர்முனைப் பக்கம் போகிறான். உன் படைப்பிரிவைத் தேடிப்பிடித்து இதைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் வாக்கு எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும், ஆனாலும் வேறு ஆள் இல்லை. உன்னிடமிருந்து கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது.

இங்கே மின்சாரம் வருவதே இல்லை. எல்லாம் கை இழைப்புளிதான், தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது. ஈஸ்டருக்கு மறுநாள் ஊரே கல்லறை மேட்டுக்கு ஏறி, அவரவர் ஆளைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் மேசையை விரித்து, முதல் வாய் மதுவை மண்ணுக்கு ஊற்றிவிட்டுக் குடிக்கப் போகிறதே, அதற்கு வழக்கமாக எட்டோ ஒன்பதோ மடக்கு மேசை கேட்பார்கள். இந்த வருஷம் முப்பத்தொன்று கேட்டிருக்கிறார்கள். ஏன் என்று நான் எழுத வேண்டியதில்லை.

போன வருஷம் நீ துளை போட்ட மேசையை மாத்ரோனா வாங்கிப் போனாள், ஞாபகமிருக்கிறதா? மேட்டுச் சரிவில் கோப்பை நழுவாமல் இருக்கத்தான் துளை. நீ போட்ட துளையில் கோப்பை அப்படியே உள்ளே இறங்கிக் கீழே விழுந்துவிட்டதாம். "செத்தவருக்கு ஊத்த கையே வேணாம் ஓத்தார், உம் பையன் யோசிச்சுத்தான் செஞ்சிருக்கான்" என்று இன்னமும் சொல்லிச் சிரிக்கிறாள். நானும் சிரித்தேன். வெகுநாளைக்கு அப்புறம் சிரித்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பக்கத்து வீட்டு நானுலி பட்டறைக்கு வந்தாள். "அண்ணே, சின்னதா ஒரு மேசை வேணும்" என்றாள். சரி, பலகைக்கு அடியில் யார் பேரைச் சுட்டு எழுதட்டும் என்று கேட்டேன். "பேர் இப்ப வேணாண்ணே, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். தரையில் கிடந்த மரச்சுருளையே பார்த்துக்கொண்டு பேசினாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் புருஷன் நன்றாக இருக்கிறான். அவள் பிறந்த வீட்டில் செத்தவர்கள் எல்லோரும் தொலைவில் இமெரேத்தியில் புதைக்கப்பட்டவர்கள். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். புதிதாகச் சாவு விழுந்த வீட்டுக்கு முதல் மேசையை அந்த வீட்டார் செய்யச் சொல்வதில்லை, பக்கத்து வீட்டார்தான் சொல்லிச் செய்து கொண்டுபோய் வைப்பார்கள். நானுலிக்குப் பக்கத்து வீடு நாம் மட்டும்தான், அந்தப் பக்கம் ஓடை.

அவள் வந்ததற்கு முந்தின நாள்தான் கோச்சாவின் கடிதத்தை ரேசோ அவளிடம் கொடுத்திருக்கிறான். நீயும் அவள் மகன் கோச்சாவும் ஒரே பதுங்குகுழி. இதுவரை வந்த கடிதத்தையெல்லாம் வேலி மேல் சாய்ந்துகொண்டு, காலுறை கிழிந்த கதை வரைக்கும் நமக்குப் படித்துக் காட்டியவள், இதைப் பற்றி மூச்சே விடவில்லை. ரேசோவைக் கேட்டேன். "எனக்கென்ன மாமா தெரியும், உறை ஒட்டியிருந்துச்சு" என்கிறான்.

எனக்குப் பயமாக இருக்கிறது, மல்ஹாஸ். ஐம்பத்தெட்டு வயதில் இப்படிப் பயந்ததில்லை. நீ அங்கே எவளையாவது கல்யாணம் செய்துகொண்டிருப்பாய், அதைச் சொல்லத்தான் அவளுக்கு வாய் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதற்கு எதற்கு மேசை? இரண்டு தடவை வேலி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். கேட்டால் சொல்லிவிடுவாள், அதுதான் பயம்.

மேசை முடிந்து நாலு நாள் ஆகிறது. அவள் வந்த மூன்று தடவையும் பசை காயவில்லை என்று சொல்லி அனுப்பினேன். "அவசரமில்லண்ணே, மெதுவா குடுங்க" என்கிறாள். ஈஸ்டருக்கு நாலு நாள் இருக்கும்போது இந்த ஊரில் அவசரமில்லை என்று சொன்னவள் அவள் ஒருத்திதான்.

அம்மாவுக்குத் தெரியாமல் மேசையைச் சாக்கு மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்தேன். நேற்று அவள் கண்ணில் பட்டுவிட்டது. யாருக்கு என்று கேட்டாள். நானுலியின் பெரியப்பாவுக்கு என்று வாயில் வந்ததைச் சொன்னேன். "யாரோ பாவம்" என்று சொல்லி, துணியில் வாதுமை எண்ணெய் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். போதும் லாமாரா என்றேன். "அடிப்பக்கம் காஞ்சு கெடக்குதுங்க" என்று மேசையைக் கவிழ்த்தாள். பேர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அங்கேயே நிறைய நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நானுலிக்குப் பெரியப்பாவே கிடையாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன.

ரேசோ சனிக்கிழமை திரும்பி வருகிறான். அவனிடம் இரண்டு வரி கொடுத்து அனுப்பப்பா. வலது கையில் அடிபட்டிருந்தால் இடது கையால் எழுது. இரண்டும் முடியாதென்றால் ரேசோவிடம் என்னைத் திட்டி ஒரு வார்த்தை சொல், அவன் வந்து அப்படியே சொல்வான். காலோ கையோ இல்லாமல் வந்தாலும் வா, தூக்கிச் சுமக்க எனக்குத் தெம்பு இருக்கிறது.

கடவுள் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். இந்தக் கடிதத்தை வாங்க நீ கையை நீட்ட வேண்டும், வேறொன்றும் நான் கேட்கவில்லை.

உன் அப்பா,
ஓத்தார்