கடைசி ஐரிஸ் நாற்று

11.5.1979, வெள்ளி

கடைசி ஐரிஸ் நாற்றும் இன்று கருகிவிட்டது. காஷ்மீரில் பட்டாளத்தில் இருந்த தம்பி, சாவதற்கு முன் அனுப்பிய விதை. நீலமாகப் பூக்கும் என்று எழுதியிருந்தான். மூன்றுதான் முளைத்தன. கோடையில் எங்கள் கிணறு உப்பாகிவிடும் என்பதால், தினமும் ஒரு வாய் குடித்துப் பார்த்துத்தான் ஊற்றினேன். நல்ல தண்ணீராகத்தான் இருந்தது.

போன வாரம் காட்டூரிலிருந்து கல்யாணமாகி வந்த கொழுந்தன் பெண்டாட்டி, இன்று நான் செடிக்கு ஊற்றும் வாளியிலிருந்து ஒரு வாய் அள்ளிக் குடித்துவிட்டுத் துப்பினாள்.

"இன்னாக்கா, இப்படிக் கரிக்குது! இதையா செடிக்கு ஊத்துனீங்க?"

பிறந்ததிலிருந்தே இந்தப் பசியாவரத்து உப்புத் தண்ணீரிலேயே வளர்ந்த நாக்கு என்னுடையது. அதை நம்பி, தம்பி தந்ததை என் கையாலேயே கொன்றுவிட்டேன். இனி விதை கேட்டு யாருக்கு எழுதுவேன்?

படுக்கும் முன் மறுபடியும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். எனக்கு இப்போதும் கரிக்கவில்லை.