நனையாத நெத்திலி

இன்று காலை தார்ப்பாயை விலக்கி, வண்டியின் பின்கதவைத் திறந்தேன். டீசல் நாற்றம் வரும் என்று நினைத்தேன். வந்தது உன் கருவாட்டு நாற்றம். கூட வந்த மெக்கானிக் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா சார், எலி எதுனா செத்துக் கீதா?" என்றார். இல்லை என்று மட்டும் சொன்னேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க முடியாது. எனக்கு இருக்கிறது. தரையிலும் தண்ணீரிலும் ஓடுகிற வண்டி. ராணுவம் முதலில் சோதனைக்கென்று சிலவற்றை வாங்கிப் பார்க்கும். பிடித்தால் பெரிய ஆர்டர். எண்ணூரில் நம் கம்பெனி செய்த முதல் வண்டியை முகத்துவாரத்தில் இறக்கிக் காட்ட வேண்டிய நாள் அது. நான் வடிவமைப்புப் பிரிவு. நீ ஒப்பந்த ஓட்டுநர், முகத்துவாரக்குப்பத்துக்காரன். ஆர்டர் வந்தால் உன்னை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். நிரந்தரமானால்தான் பெண் என்று சடையங்குப்பத்தில் ஒரு அப்பா சொல்லியிருந்தார். அதனால் மழுங்கச் சவரம் செய்து, புதுச் சட்டையோடு வந்திருந்தாய். கையில் மட்டும் ஒரு காகிதப் பொட்டலம். கேண்டீன்காரருக்கு உன் அம்மா கொடுத்துவிட்ட நெத்திலிக் கருவாடு. போய்க் கொடுக்க நேரமில்லை. சீட்டுக்கு அடியில் தரையில் திணித்துவிட்டு வண்டியைக் கிளப்பினாய்.

டெல்லியிலிருந்து வந்த குழு கரையில் குடை பிடித்து நின்றது. பாதி தூரம் போனதும் வயர்லெஸ்ஸில் உன் குரல். "இன்ஜினீரு, தண்ணி ஏறுது. சீக்கிரம் சொல்லு, அக்கரைக்கு வுடவா, திருப்பவா?"

ஓதம் ஏறுகிறது, கடல் உள்ளே வருகிறது என்பதை உன் குப்பத்தில் அப்படித்தான் சொல்வார்கள். "வுடு" என்றேன். போய்த் திரும்பி வந்தாய். குழு கைதட்டியது. அதில் தமிழ் தெரிந்தவர் ஒருவர்தான், கடலே இல்லாத ஊர்க்காரர். நீ சொன்னதைத் தனக்குப் புரிந்த மாதிரி எழுதிக்கொண்டு போனார்: வாகனத்துக்குள் நீர் ஏறியதாக ஓட்டுநர் தெரிவித்தார்.

அந்த வரி பல மாதம் கழித்துக் கேள்வியாகத் திரும்பி வந்தது. உன்னிடம் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "யோவ், உள்ள தண்ணி வந்திருந்தா நெத்திலி நீந்திகினு இருந்திருக்கும்யா. கருவாடு கருவாடாவேதான் கேண்டீனுக்குப் போச்சு, அத்த எழுது உன் ரிப்போர்ட்டுல."

நான் அளவுகளோடு எழுதினேன், கசிவு இல்லை என்று. கசிவு இல்லையென்றால் ஓட்டுநர் ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டார்கள். விளக்கம் போனது. விளக்கத்துக்குச் சான்று கேட்டார்கள். சான்று போய்ச் சேர்ந்தபோது அதிகாரி மாறியிருந்தார். புதியவர் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். யாரும் கெட்டவரில்லை. எல்லோரும் தத்தம் கையெழுத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒரு கெட்டவன் இருந்திருந்தால் போய்ச் சண்டையாவது போட்டிருப்பேன்.

உன் ஒப்பந்தம் முடிந்தது. ஆர்டர் வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் கொண்டுபோகும் டிரெய்லர் ஓட்டப் போனாய். சடையங்குப்பத்துப் பெண்ணுக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆனது. நீயும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாய். "பிரியாணி சுமார்தான் மாமு" என்றாய்.

துறைமுக வரிசையில் நிற்கும்போதெல்லாம் போன் செய்வாய்.

"இன்னா ஆச்சு நம்ம ஃபைலு?"

"பரிசீலனையில இருக்கு."

"நானும் அங்கதான்யா கீறேன். இன்னும் ராயபுரம் தாண்டல."

எனக்கு எரிச்சல் வரும். அந்த ஆர்டரை மறந்து தொலை என்று கத்துவேன். நீ நிதானமாகக் கேட்பாய். "வண்டி நல்ல வண்டிதான?"

"நல்ல வண்டிதான்."

"அப்றம் இன்னா. வரும்."

ஒரு மதியம் அந்த வரிசை நகர்ந்தது. உன் டிரெய்லர் நகரவில்லை. பின்னாலிருந்த டிரைவர் ஹாரன் அடித்தார், திட்டினார், கடைசியில் இறங்கி வந்து ஏறிப் பார்த்தார். "அசந்து தூங்கறாருன்னு நென்ச்சேன் சார்" என்று உன் வீட்டு வாசலில் நின்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த வயதில் மாரடைப்பா என்று டாக்டர் ஆச்சரியப்பட்டாராம். நான் ஆச்சரியப்படவில்லை.

போன வாரம் கடிதம் வந்தது. மறு சோதனை வைத்து முடித்துவிடலாம்; அதற்கு முன் சம்பந்தப்பட்ட ஓட்டுநர் நேரில் வந்து, தான் சொன்னதன் பொருளை விளக்க வேண்டும். மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு, "இறந்துட்டார்னு எழுதுனா மறுபடி ஒரு கேள்வி வரும். வேற டிரைவர அனுப்பி, நான்தான் சொன்னேன்னு சொல்ல வெச்சுடலாமா?" என்றார். பாவம், அவரும் ஆர்டருக்காகக் காத்திருப்பவர்தான். முடியாது என்றேன். அது உன் வாயிலிருந்து வந்த சொல். இன்னொருவன் எடுத்துக்கொள்ள விடமாட்டேன்.

இறப்புச் சான்றிதழ் நகலுக்காகக் குப்பத்துக்குப் போனேன். உன் அம்மா எதற்கு என்று கேட்டார். ஆர்டர் விஷயமாக என்றேன். கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"இப்ப வந்துச்சா நைனா?"

"இன்னும் இல்லம்மா."

சான்றிதழை அனுப்பிவிட்டு, அந்த மறு சோதனைக்கு வண்டியைத் தயார் செய்யத்தான் இன்று கதவைத் திறந்தேன். சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். தரையில் துரு இல்லை. போல்ட் இடுக்கில், அன்று பொட்டலத்திலிருந்து சிந்திய ஒரே ஒரு நெத்திலி ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் அழுத்தினேன். பட்டென்று முறிந்தது. டெல்லிக்கு அனுப்பினால் இதற்கும் சான்று கேட்பார்கள். இரண்டு துண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மெக்கானிக் குழாயை இழுத்துக்கொண்டு வந்து, "நாத்தம் போவ உள்ளயும் அடிச்சு வுட்ரட்டுமா சார்?" என்றார்.

"வெளிய மட்டும் கழுவு" என்றேன். "உள்ள ஒரு சொட்டு தண்ணி ஏறக்கூடாது."