அனோவின் வருத்தமும் சுகியின் கலியாணமும்

ஜனவரி 20, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். உடுப்பு ஒன்றும் காயவில்லை. மகள் அனோவுக்குக் காலை வெள்ளெனவே வலிப்பு. வலிப்பு மருந்து முடியப்போகிறது, வாங்க வேண்டும்.

தங்கச்சி சுகியின் சம்பந்தம் ஆட்டம் காண்கிறது. மாப்பிள்ளையின் தாய் தரகரிடம் சொன்னாவாம்: "மூத்தவள்ட புள்ளைக்கு அஞ்சு வயசாகுது, கதைக்குதுமில்ல நடக்குதுமில்ல. குடியும் குலமும் தாய்வழியால வாறது. நோய் வருத்தமும் அப்பிடித்தானே வரும்?"

அடி பாவி! என் வயிற்றைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் கதை. சுகி இரவும் சாப்பிடவில்லை.

ஜனவரி 22, வியாழன்

ஆஸ்பத்திரி. கிளினிக்கில் சனம். இவரும் லீவு போட்டு வந்தார். அனோவின் இரத்தச் சோதனை முடிவும் என்னுடையதும் வந்துவிட்டன.

அனோவுக்கு ஒரு புரதம் பழுது. பெயர் மெக்-பி-டூ. மரபணு இழையில் ஒட்டிக்கொண்டு, பேசக் கூடாத மரபணுக்களை அடக்கி வைப்பது அதன் வேலையாம். மூளையில் அந்த அடக்கம் குலைந்ததால்தான் பிள்ளை பழகியதெல்லாம் போனது. அம்மா, காகம், தா. அவ்வளவு சொல்தான் இருந்தது. பிறகு கையும் போனது, எந்நேரமும் பிசைந்தபடி.

இந்த நோய் மாறாதாம். டாக்டர் மேசையைப் பார்த்துத்தான் சொன்னார்.

என் இரத்தத்தில் இல்லை! திரும்பவும் கேட்டேன். "இல்லம்மா. இது புதுசா வந்த மாற்றம். அனேகமா தகப்பன்ட விந்தணு உருவாகக்குள்ள நடக்கிறது. யாருக்கும் நடக்கலாம். ஒருத்தரிலயும் பிழையில்ல."

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது, பாழாய்ப்போன நெஞ்சு. பக்கத்தில் இவருடைய முகம் செத்துப்போயிருந்தது. பஸ்ஸில் கல்லடிப் பாலம் தாண்டி வீடு வரைக்கும் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே வந்தார்.

ஜனவரி 25, ஞாயிறு

மழை விட்டுவிட்டது. வாவி கரைமுட்டக் கிடக்கிறது.

இவர் எனக்குச் சொல்லாமல் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கிறார். தரகர் வந்து சொல்லித்தான் தெரியும். "புள்ளை அவங்கட குடி. வருத்தம் மட்டும் என்ட. சுகிக்கு ஒண்டும் வராது" என்றாராம். மாப்பிள்ளையின் தாய்க்கு அது போதும். தகப்பன் பக்கத்தால் வந்தது சுகியின் குடியைத் தொடாதாம். கலியாணத்துக்கு ஓம், சம்மதமாம்.

நான் கத்தினேன். "டாக்டர் பிழையெண்டா சொன்னவர்? ஏன் போய்த் தலையில போட்டுக்கொண்டு வாறீங்க?"

"சுகி வாழட்டும். எனக்கென்ன குறைஞ்சு போகுது?"

எல்லோரும் என் குடியைத் திட்டியபோது இந்த மனுசன் ஒரு வார்த்தை திட்டியதில்லை. அழுகை. வாங்க வேண்டியது: பால்மா, அனோவுக்குப் பம்பர்ஸ், அரிசி மா.

ஜனவரி 28, புதன்

வெயில். உடுப்பெல்லாம் காய்ந்தது. கலியாணம் எங்கள் வளவுக்குள்ளேயே, சுகிக்குச் சீதனமாய்க் கட்டிய பக்கத்து வீட்டில். பந்தல்காரர் வந்து அளந்துவிட்டுப் போனார். பந்தல் எங்கள் வாசல் வரைக்கும் வரும்.

பின்னேரம் சுகி வந்தாள். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"அக்கா, மாப்பிள்ள வீட்டு ஆக்கள் எல்லாரும் வருவாங்க. மாமி கேட்டவ... கலியாண நாள் மட்டும் அனோவ வேற எங்கயும் வெச்சிருக்க ஏலுமா?"

"ஆரு கொண்டு போறது?"

"அத்தான் கொண்டு போறன் எண்டிட்டார்."

சித்தியைக் கண்டதும் அனோவுக்கு ஒரே சிரிப்பு. நான் ஓம் என்றேன்.