வந்துட்டியா?!

என் சுகந்திக்காவுக்கு,

உன் ஹெட்போன் இன்னும் நம் மேஜையில்தான் இருக்கிறது. இந்தித் தொடர்களுக்குக் கீழே ஓடும் தமிழ் வரிகளை நாம் இருவரும் சேர்ந்துதான் எழுதினோம் என்பது ஆபீசில் பலருக்கு இப்போதுதான் தெரிகிறது. டெல்லியிலேயே பிறந்த உனக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு, தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் போன எனக்கு எழுத வரும், நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் நீ கேட்டு நடித்துக் காட்டுவாய், நான் டைப் செய்வேன்.

கடைசியாகச் செய்த அத்தியாயம் நினைவிருக்கிறதா? வீட்டைவிட்டுப் போன மகள் பல வருஷம் கழித்து வாசலில் நிற்கிறாள். அம்மா கதவைத் திறக்கிறாள். நான் "வந்துட்டியா?" என்று அடித்தேன்.

"ஏட்டி, கேள்விக்குறி மட்டும் போட்டிருக்க. மார்க்கெட்டுக்குப் போனவளையா கேக்கா?"

"அப்போ ஆச்சரியக்குறி போடவா அக்கா?"

"அரே, அது லாட்டரி அடிச்சவ மாதிரில்லா இருக்கும். ரெண்டையும் போடு. கண்ணு பாத்துட்டு, மனசு இன்னும் நம்பல. ஜல்தி போடு, டீ ஆறுது."

மறுநாள் காய்ச்சல் என்று லீவு போட்டாய். அந்த வாரமே ஆஸ்பத்திரியிலிருந்து உன் அம்மா போன் செய்தார்கள். "சுகந்தி போயிட்டாளே பவானி" என்றார்கள். "என்ன" என்றேன். எனக்குச் சரியாகத்தான் கேட்டிருந்தது. ஆனாலும் கேட்டேன். அதற்கு எந்தக் குறி போடச் சொல்லியிருப்பாய் அக்கா?

காரியம் முடிந்தபின் உங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தேன். அம்மா ஒன்றுதான் கேட்டார்கள். "எம்மவ கடைசியா செஞ்சது எப்ப வரும் ஏட்டி? நான் பாக்கணும்."

போன வாரம், நம் வரிகளைச் சரிபார்க்கும் ராகவன் சார் அந்த ஃபைலைத் திருப்பி அனுப்பினார். இரண்டு குறிகளைச் சேர்த்துப் போடக் கூடாது, எல்லாவற்றையும் எடுத்துவிடு என்றார். ஒவ்வொன்றாக எடுத்தேன். பல இடங்களில் அவர் சொன்னது சரிதான், கோபப்படாதே. "சப்பாத்தி வேணுமா"வுக்குக்கூட நீ இரண்டும் போடச் சொல்லியிருந்தாய். வாசலில் நிற்கும் மகளிடம் வந்ததும் கை ஓடவில்லை.

எழுந்து அவர் மேஜைக்குப் போனேன். நானாகப் போனது அதுதான் முதல் தடவை.

"சார், இது ஒண்ணு மட்டும் இருக்கட்டும்."

"ஏம்மா? ரூல் எல்லா வரிக்கும் ஒண்ணுதானே?"

எனக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. அதனால் நீ சொன்ன மாதிரியே அந்த வரியைச் சொன்னேன். சத்தம் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. பாதியில் உடைந்தும் போனது. ஹாலில் எல்லோரும் திரும்பினார்கள். நான் அங்கேயே நின்றேன்.

சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது சுகந்தி பேசற மாதிரியே இருக்கு" என்றார். பிறகு, "வை. யாராவது கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

மெட்ரோவில் திரும்பும்போதுதான் உறைத்தது. எதைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன் அக்கா? ஓர் அம்மா கதவைத் திறக்கிறாள், மகள் நிற்கிறாள். அதை உன் அம்மா பார்க்கப் போகிறார்கள். இதற்கா அவ்வளவு போராடினேன்?

மறைக்க மனம் வரவில்லை. போன் செய்து, என்ன காட்சி என்று சொல்லிவிட்டேன். பார்க்க வேண்டாம் அம்மா என்றும் சொன்னேன்.

"அந்தப் பிள்ளையாவது வந்துட்டுல்லா" என்றார்கள். "நீ ஞாயித்துக்கிழம வா. தனியா பாக்க முடியாது என்னால."

போவேன் அக்கா. அந்த வரி வரும்போது தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போக மாட்டேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அது திரையிலிருந்து மறையும்வரை உட்கார்ந்திருப்பேன்.

கூடப் பிறக்காத உன் தங்கச்சி,
பவானி