கடைசி 1.9 செக்கன்: என் பிழையைப் பதிவேட்டில் எழுதக் கோரல்

அனுப்புநர்:
சி. ஆனந்தராஜா,
ஆட்ட மேசை நேரக் கணிப்பாளர்,
மனோர் பார்க், லண்டன்.

பெறுநர்:
ஆட்டப் பதிவுகளுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்,
ஐரோப்பிய மகளிர் கழகக் கூடைப்பந்துச் சம்பியன் சுற்றுப்போட்டி.

விடயம்: கடந்த பருவத்தின் காலிறுதித் தீர்மான ஆட்டத்தில் கடிகாரத்தைப் பிழையாக இயக்கிய நேரக் கணிப்பாளர் மீதான புகார்.

மதிப்புக்குரிய ஐயா,

1. இப்புகாரில் குற்றம் சாட்டப்படுபவர் நானே. பத்தொன்பது ஆண்டுகளாக லண்டனில் நடைபெறும் கூடைப்பந்து ஆட்டங்களில் மேசையிலிருந்து கடிகாரம் இயக்கி வருகிறேன். இதுவரை என்மீது எவரும் முறையிட்டதில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பை இத்துடன் இணைத்துள்ளேன். மூலத்தைத் தமிழில் எழுதுவது, கீழே குறிப்பிடப்படும் குடும்பத்தாரும் இதை வரிவரியாக வாசிக்க வேண்டும் என்பதற்காக.

2. எங்கள் ஈஸ்ட்ஹம் ஹெரன்ஸ் கழகம் ஐரோப்பியச் சுற்றில் காலிறுதி வரை சென்றது அதுவே முதல் தடவை. குழுநிலையின் ஆறு ஆட்டங்களில் நான்கில் வென்றார்கள். காலிறுதியில் ஸ்பெயின் நாட்டுக் கழகம் ஒன்றுடன் ஆளுக்கொரு வெற்றி பெற்ற நிலையில், தீர்மான ஆட்டம் மார்ச் மாதம் லண்டனில் நடைபெற்றது. 1.9 செக்கன் மீதமிருக்க எமது அணி 70-71 என்று பின்தங்கியிருந்தது. பந்து எமது கையில்.

3. பக்கக் கோட்டிலிருந்து எறியப்படும் பந்தை உள்ளே நிற்கும் வீராங்கனை தொட்ட பின்னரே கடிகாரத்தை ஓடவிட வேண்டும். புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். அன்று பந்து எறிபவரின் கையை விட்டவுடனேயே நான் பொத்தானை அழுத்திவிட்டேன். பந்தைப் பார்க்க வேண்டிய கண்ணால் அதைப் பெறவிருந்த பிரீத்தா இராஜேந்திரனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெம்பிளியில் வளர்ந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை. ஐரோப்பிய ஆட்டமொன்றில் ஒலிபெருக்கி அவருடைய பெயரைச் சொல்லும்போதெல்லாம், எப்பக்கமும் சாரக்கூடாத எனக்கு நெஞ்சு நிறைந்தது. அவர் வெல்ல வேண்டும் என்று விரும்பினேன். அந்த விருப்பத்தில் விரல் முந்திவிட்டது.

4. அவர் பந்தைப் பிடித்து, ஒருமுறை தரையில் தட்டி, எறிந்தார். பந்து வளையத்துக்குள் விழுந்தது. மண்டபமே எழுந்து நின்றது. நடுவர்கள் திரையில் பார்த்தபோது, நேரம் முடிந்ததைக் காட்டும் பலகையின் சிவப்பு விளக்கு எரிந்த கணத்தில் பந்து இன்னும் அவர் கையில் இருந்தது. திரையில் அவர்கள் தேடியது அதை மட்டுமே. அதன் பின் பிரதான நடுவர் என்னிடம் வந்து, கடிகாரம் சரியாகத் தொடங்கியதா என்று கேட்டார். எனக்குப் பிழை தெரியும். ஆயினும் "சரி" என்றேன். புள்ளிகள் மறுக்கப்பட்டன; எமது அணி தோற்றது. என் அருகே புள்ளி பதிந்துகொண்டிருந்த திருமதி பிலோமினம்மா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். இதில் அவருக்குப் பங்கில்லை.

5. ஏன் அப்படிச் சொன்னேன் என்று விசாரணையில் கேட்பீர்கள். பயம். அதைவிடக் கௌரவமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

6. அன்றிரவே, எறியுமுன் பிரீத்தா பந்தைத் தரையில் தட்டிய அந்த ஒரு தட்டு தேவையற்றது என்று பயிற்றுநர் ஊடகங்களிடம் கூறினார். மறுநாள் முகந்தெரியாதவர்களும் இணையத்தில் அதையே எழுதினார்கள். கழகம் புதிய பருவத்துக்கு ஐரோப்பியச் சுற்றில் சேரவில்லை. பிரீத்தாவைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளவுமில்லை. இருபத்தாறு வயதில் அவர் ஆடுவதை நிறுத்திவிட்டார்.

7. ஜூன் மாதம் எங்கள் முருகன் கோயிலில் அவருடைய தந்தை திரு. இராஜேந்திரனைக் கண்டேன். சுகம் விசாரித்தேன். "என்னத்தைச் சொல்ல அண்ணை. பிள்ளை அந்த வீடியோவையே திருப்பித் திருப்பிப் பாக்கிறா. எங்கை பிழைவிட்டனான் எண்டு தேடுறா" என்றார். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பின்னர் வீட்டில் அதே காணொளியை நானும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து அளந்தேன். கடிகாரம் 0.6 செக்கன் முந்தி ஓடியிருக்கிறது. விளக்கு எரிந்து 0.3 செக்கனில் பந்து அவர் கையை விட்டிருக்கிறது.

8. கடந்த ஞாயிற்றுக்கிழமை வெம்பிளியில் அவர்களுடைய வீட்டுக்குச் சென்று, தந்தை, தாய், மகள் மூவர் முன்னிலையிலும் உண்மையைச் சொன்னேன். தாயார் வாயைப் பொத்திக்கொண்டார். பிரீத்தா, "எவ்வளவு, அங்கிள்?" என்று மட்டும் கேட்டார். அளவைச் சொன்னேன். "அப்ப அது கவுண்ட் ஆகியிருக்குமா?" என்றார். ஓம் என்றேன். அவர் ஏசவில்லை, அழவுமில்லை. எழுந்து மாடிக்குப் போனார். நான் இருந்த ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வரவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

9. விடைபெறும்போது திரு. இராஜேந்திரன் வாசல் வரை வந்தார். "எங்களுக்கு மட்டும் சொன்னது காணாது அண்ணை. எழுத்திலை வந்த பழி, எழுத்திலைதான் போகவேணும். உங்களாலை ஏலுமோ?" என்றார். ஏலும் என்றேன். அதன்படியே இம்மனு.

10. ஆட்ட முடிவை இனி மாற்ற இயலாது என்பதை அறிவேன். அந்த ஸ்பெயின் பிள்ளைகள் உழைத்து ஆடினார்கள். அவர்களுடைய வெற்றியைப் பறிக்கும்படி நான் கேட்கவில்லை. கடிகாரம் முந்தி இயக்கப்பட்டது என்றும், கேட்டபோது நான் பொய் சொன்னேன் என்றும் பதிவேட்டில் குறிப்பிடும்படியும், அதைக் கழகத்துக்கும் பயிற்றுநருக்கும் அறிவிக்கும்படியும் பணிவுடன் வேண்டுகிறேன். என் உரிம அட்டையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். எத்தண்டனையாயினும் மேன்முறையீடு செய்யமாட்டேன்.

11. இறுதியாக ஒன்று. தங்கள் ஆட்ட அறிக்கையில் "9ஆம் இலக்க வீராங்கனை நேரம் கடந்து எறிந்தார்" என்றே உள்ளது. திருத்தத்தை அவ்வாறு இலக்கத்தால் எழுதிவிட வேண்டாம். அவரைப் பழித்தவர்கள் எல்லோரும் பெயர் சொல்லித்தான் பழித்தார்கள். பிரீத்தா இராஜேந்திரன் நேரத்துக்குள் எறிந்தார் என்று, பெயர் சொல்லி எழுதுங்கள் ஐயா.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
சி. ஆனந்தராஜா

இடம்: மனோர் பார்க், லண்டன்
திகதி: 17 செப்டெம்பர் 2025

பிரதி: திரு. இராஜேந்திரன் குடும்பத்தினர், வெம்பிளி.