அவனுடைய இடப்பக்கம்

ஜூன் 4

இன்று சொல்லாமல் விட்டது: எனக்கு அவசரம்தான்.

ஊரடங்கால் பதிவு அலுவலகத்தை மறுபடியும் மூடிவிட்டார்கள் என்று சொல்ல அவன் கூப்பிட்டான். எங்கள் கல்யாணம் தள்ளிப்போவது இது மூன்றாவது முறை. "உனக்குப் பரவாயில்லையா, புழு?" என்றான். புத்தகப்புழுவைச் சுருக்கி அவன் வைத்த பெயர்.

"இப்ப என்ன அவசரம்? உலகமே அடைஞ்சு கிடக்கு" என்றேன். நாலு புத்தகம் படித்தவளின் நிதானமாம்.

"அதுவும் சரிதான்" என்றான். இருமினான். போன வாரம் முழுக்க ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த 'அதுவும் சரிதான்' காதிலேயே நிற்கிறது.

ஜூன் 9

தொற்று உறுதி. அறைக்குள் அடைபட்டிருக்கிறான். அவன் அம்மாவை இப்போதே அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். அத்தை சாப்பாட்டை வெளியே வைத்துவிட்டுக் கதவைத் தட்டுகிறாராம். "உள்ள இருந்து உறுமுறான். வீட்டுல கரடி வளர்க்கிற மாதிரி இருக்கு." சிரித்தோம்.

ஜூன் 12

காலையில் தட்டியபோது உறுமல் இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்திருக்கிறான். வாய் கோணி, இடது கையும் காலும் துணிபோல. அத்தைக்கும் அதற்குள் காய்ச்சல். ஆம்புலன்ஸில் ஏற விடவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசல் வரைதான்.

டாக்டர் போனில் சொன்னார்: இந்தத் தொற்றில் ரத்தம் எளிதாக உறைந்துவிடுகிறது, மூளையின் வலப்பக்கத்துப் பெரிய ரத்தக்குழாயை ஒரு ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது, தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு அதை எடுக்கப் போகிறோம். "நீங்க அவரோட மனைவிதானே?"

இல்லை என்று நான் சொல்லவில்லை.

மாலை: எடுத்துவிட்டார்கள். ரத்தம் ஓடுகிறதாம். வாசலில் நின்றே அழுதேன். முகக்கவசம் நனைந்து மூச்சு முட்டியது.

ஜூன் 13

மறுபடி அடைத்துக்கொண்டது. அதே இடம்.

"எல்லாருக்கும் இப்படி ஆகறதில்லம்மா. இந்தத் தொற்று இருக்கிறவங்ககிட்ட அதிகமாப் பாக்கறோம். சுத்தம் பண்ணினாலும் திரும்ப உறையுது" என்றார் டாக்டர்.

இரண்டாம் முறை உள்ளே போனார்கள். திறந்துவிட்டது. ஆனால் மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. உறையாமலிருக்க மருந்து கொடுத்தால் கசிவு கூடலாம். கொடுக்காவிட்டால் திரும்ப அடைக்கலாம். முன்னே போனால் கடிக்கும், பின்னே வந்தால் உதைக்கும். அதுவரை அதை ஒரு வேடிக்கைப் பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜூன் 15

மெஷின்தான் மூச்சு விடுகிறது. வேறொன்றும் இல்லை.

ஜூன் 21

தொண்டைக் குழாயை எடுத்தாயிற்று! சாயங்காலம் கொஞ்ச நேரம் வீடியோவில் பேசலாமாம். சிஸ்டர் அவன் போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிலருகே மேசையில் சாய்த்து வைத்தார். திரையில் ஒரு கன்னம், ஒரு காது, தாடி. பேசினேன். திரும்பவில்லை.

"எங்ககிட்ட நல்லாத்தான் பேசறாரும்மா. உங்க போன் வந்தா மட்டும் அந்தாண்ட பாத்துட்டு இருக்காரு. என்ன, சண்டையா?"

சண்டையா? என்ன அவசரம் என்று கேட்டவளிடம் அவன் எதற்குத் திரும்ப வேண்டும்?

ஜூன் 24

நாவல் வாசித்துக் காட்டினேன். அசையவில்லை. நல்லாயிருந்த காலத்திலேயே இரண்டாம் பக்கத்தில் குறட்டை விடுகிறவன்.

ஜூன் 25

லிஃப்ட் பராமரிப்புக் கையேடு வாசித்தேன். கதவுப் பூட்டு, கயிற்றுத் தேய்மானம். அவனுக்கு இதைவிடப் பெரிய காதல் கவிதை கிடையாது. அதற்கும் அதே கன்னம், அதே காது.

போடா. என்னதான் வேணும் உனக்கு? வாசல்லயே நின்னேன்டா. எந்த ஜன்னல் உன்னோடதுன்னுகூடத் தெரியாம எல்லா ஜன்னலையும் பாத்துட்டு நின்னேன்.

ஜூன் 28

இன்று சிஸ்டர் அவன் சாப்பாட்டைப் பற்றி அலுத்துக்கொண்டார். "தட்டுல வலது பாதியை மட்டும் வழிச்சுச் சாப்பிடறாரு. இடது பாதி அப்படியே கிடக்கு. கேட்டா, 'காலித் தட்டைக் காட்டி ஏமாத்தறீங்களா'ங்கறாரு. தட்டைத் திருப்பி வச்சா அதையும் சாப்பிடறாரு!"

எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. மூளையின் வலப்பக்கம் அடிபட்டால் சிலருக்கு இடப்பக்கமே இல்லாமல் போய்விடும். கண் தெரியும், காது கேட்கும்; அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதுதான் தோன்றாது.

"சிஸ்டர், போனை எந்தப் பக்கம் வைக்கறீங்க?"

"இடது பக்கம்தான். வலப்பக்கம் முழுக்க மெஷினு..." நிறுத்தினார். "அடக் கடவுளே. ஷிஃப்டுக்கு ஒரு ஆள் மாறறோம். யாருக்குமே தோணலையே!"

போனைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றிப் போனார். திரையில் கூரை, மெஷின், சொட்டு மருந்து. பிறகு முழு முகம்.

"புழு" என்றான். "எங்கடி போயிருந்தே இத்தனை நாளா?"

இங்கேயேதான் இருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "லிஃப்ட் நின்னுடுச்சு" என்றேன்.

"படியேறி வர வேண்டியதுதானே."

ஆகஸ்ட் 17

வீட்டுக்கு வந்துவிட்டான். கோல் ஊன்றி நடக்கிறான். சவரம் பாதி முகத்துக்குத்தான். "பாதி மாப்பிள்ளை" என்கிறார் அத்தை.

பயிற்சி தருபவரின் கட்டளை: எல்லாரும் இடப்பக்கமே உட்கார வேண்டும், அவனாகத் தேடித் திரும்ப வேண்டும். அத்தையால் முடிவதில்லை, நைசாக வலப்பக்கம் போய்விடுகிறார். நான் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அவன் சட்டைக் கை என்மேல் உரசுகிறது. அவனுக்கு நான் அங்கே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோதுகூட இவ்வளவு ஏங்கவில்லை.

சில நாள் திரும்புகிறான். சில நாள் இல்லை.

நவம்பர் 30

அத்தை: "நல்லா யோசிச்சுக்கம்மா. இன்னும் கொஞ்சம் தேறட்டுமே. இப்ப என்ன அவசரம்?"

"எனக்கு அவசரம்தான் அத்தை."

சொல்லிவிட்டேன். அவன் வலப்பக்கம் நின்றுதான் சொன்னேன்.

டிசம்பர் 2

பதிவு அலுவலகம். காரில் அவனுக்கு வலப்பக்கம்தான் வந்தேன். உள்ளே அவனை நாற்காலியில் உட்கார வைத்ததும், பழக்க தோஷம், இடப்பக்கம் போய் நின்றுவிட்டேன்.

பேனாவைக் கையில் வாங்கியவன் அத்தையைப் பார்த்து, "அவ எங்கம்மா போனா?" என்றான். மாப்பிள்ளை கேலி பேசுகிறான் என்று நினைத்து எழுத்தர் சிரித்தார். அத்தை என்னைப் பார்த்தார். நான் பொறுத்திருந்தேன். அவன் தலை பாதி தூரம் என் பக்கம் வந்தது; நின்றது; வலப்பக்கம் இருந்த வாசலுக்கே திரும்பிப் போனது.

நாற்காலியைச் சுற்றிப் போய் வலப்பக்கம் நின்றேன்.

"வந்துட்டியா" என்றான்.

கையெழுத்துப் போட்டோம்.